எத்தனை அடி நடந்தது

மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதியோரம் உள்ள ஒரு பிளாசாவில், பல் வைத்தியருக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் சீமோனின் கடை இருக்கிறது. முன்பாதி தூண்டில் சாமான். பின்பாதி வேட்டைச் சாமான். பின்பாதியில், பூட்டுப் போட்ட கண்ணாடி அலுமாரிகளுக்கு முன்னால், நெற்றியில் திருநீறும் தோளில் கம்பளிச் சால்வையுமாக ஒரு பெண் நிற்பாள். புதிதாக வருகிறவர்கள் அவளைக் கண்டதும், வேறு யாரும் நிற்கிறார்களா என்று முன்பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். வேறு யாரும் இல்லை. துவக்குக்குத் தோட்டா வேண்டுமென்றால் குணவதியிடம்தான் கேட்க வேண்டும்.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் வாயில் வைத்ததில்லை. செவ்வாய், வெள்ளி விரதம். கந்தசட்டி ஆறு நாளும் பாலும் பழமும். கடையில் நிற்பதற்காகச் சோதனை எழுதித் துவக்கு லைசன்ஸ் எடுத்து வைத்திருக்கிறாள். அந்தச் சோதனையில் கழற்றிப் பூட்டிக் காட்டினால் போதும், சுட்டுக் காட்டச் சொல்வதில்லை. ஆகவே இன்றுவரை ஒரு குண்டுகூட அவள் தன் கையால் சுட்டதில்லை.

பதினொரு வருடத்துக்கு முன்னர் அவள் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலையை மூடினார்கள். அவளுடைய கணவர் ஸ்ரீஸ்கந்தராசா சிம்கோ ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறவர், சீமோனைத் தெரியும். சீமோன் முதலில் தூண்டில் பக்கத்துக்குத்தான் அவளை எடுத்தான். பின்பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டபோது, "அக்கா, ஒரு ரெண்டு கிழமைக்கு அங்காலையும் பாருங்கோ" என்றான். அந்த இரண்டு கிழமைதான் இன்னும் முடியவில்லை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்ற குணவதிக்கு அந்தப் பெட்டிகளில் உள்ள இங்கிலிஸ் பிடிபடவில்லை. எண்கள் பிடிபட்டன. குண்டின் எடையைக் கிரெயினில் எழுதியிருப்பார்கள். நூற்றைம்பது, நூற்றறுபத்தைந்து, நூற்றெண்பது. கிரெயின் என்றால் என்ன எடை என்று சீமோனிடம் கேட்டாள். அவன் போனில் தட்டிக் கிராமில் சொன்னான். குணவதி மனதுக்குள் எட்டால் பிரித்தாள். நூற்றெண்பது என்றால் ஒன்றரைப் பவுணுக்கு ஒரு பொட்டுக் குறைவு. நூற்றைம்பது, ஒன்றேகால் பவுணுக்குக் கொஞ்சம் குறைவு. அதன் பிறகு அவளுக்குக் குழப்பம் வரவில்லை. நகைக்கடையில் கையில் ஏந்திப் பார்த்தே பவுண் சொல்லக்கூடியவள் அவள்.

கொப்பி எழுதத் தொடங்கியது பிறகு. அதற்குக் காரணம் ஸ்ரீஸ்கந்தராசாவின் வருத்தம்.

அவருக்கு வயிற்றில் கட்டி. பத்தொன்பது மாதம் கிடந்தார். ஆசுப்பத்திரியில் ஒரு பெண்பிள்ளை தினமும் வந்து அவரைக் கைத்தாங்கலாக நடத்துவாள். நடந்து முடிய, "இண்டைக்கு நாப்பது அடி, அங்கிள்" என்று சொல்லிச் சுவரில் உள்ள பலகையில் எழுதிவிட்டுப் போவாள். நாற்பது இருபத்தாறானது. இருபத்தாறு பதினாலானது. பிறகு ஒன்பது. பிறகு பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குணவதி அந்த மாதங்களில் முருகனிடம் கேட்டது ஒன்றைத்தான், கெதியாய் எடு என்று. முருகன் ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் எடுத்தார்.

செத்தவீட்டில் அவள் அழவில்லை. திடமான மனுசி என்றார்கள். திடம் ஒன்றும் இல்லை. சமைத்ததில் உப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. கொதிதண்ணீர் கையில் பட்டுச் சிவந்த பிறகுதான் சுட்டது தெரிந்தது. மூன்று வருடமாக அப்படித்தான். கும்பிடுகிறாள், தேவாரம் படிக்கிறாள், வேலைக்கு வருகிறாள். உள்ளே ஒன்றும் அசைவதில்லை.

அவர் போன அந்த ஒக்டோபரில் ஒரு வாடிக்கையாளர் வேட்டையால் திரும்பி வந்து, தான் விழுத்திய மூஸைப் பற்றிப் பெரிதாகக் கதை சொல்லிக்கொண்டு நின்றார். மூஸ் என்பது மான் சாதிதான். ஆனால் குதிரையை விட உயரம், ஆயிரம் இறாத்தல் நிற்கும். அவர் சொல்லி முடியும் வரைக்கும் பார்த்திருந்துவிட்டு, குணவதி தனக்குத் தெரிந்த இங்கிலிஸில் கேட்டாள்.

"குண்டு பட்ட பிறகு எத்தனை அடி நடந்தது?"

அந்த மனிதரின் சிரிப்பு நின்றது. யோசித்தார். அறுபது இருக்கும் என்றார். குணவதி மேசைக்குக் கீழே இருந்த நாற்பது பக்கக் கொப்பியை எடுத்து அதை எழுதினாள். யார், என்ன குண்டு, எத்தனை கிரெயின், எவ்வளவு தூரம், எங்கே பட்டது, எத்தனை அடி.

அன்றிலிருந்து யார் திரும்பி வந்தாலும் கேட்டாள். எண்ணாமல் வந்தவர்களை அடுத்த முறை எண்ணிக்கொண்டு வரச் சொன்னாள். கொப்பி நாலாகிவிட்டது. கொம்பனிகள் அனுப்புகிற வழவழப்பான புத்தகங்களில் இல்லாத விசயம் அதில் இருந்தது. முதலாவது, எங்கே படுகிறது என்பதுதான் எல்லாம். எடை அதற்குப் பிறகு. இரண்டாவது, சிறிய மானுக்குப் போதுமான குண்டு மூஸின் தோள் எலும்பில் பட்டால் உடைந்து சிதறுகிறது. மேலே பெரிய காயம், உள்ளே ஒன்றும் போவதில்லை. மிருகம் சாகாமல் நடக்கிறது. மூன்றாவது, ஈயமும் செம்பும் ஒன்றாக ஒட்டிய பாரமான குண்டு உடையாமல் உள்ளே போகிறது. அப்போது இருபது அடி, முப்பது அடி.

எப்படியும் சுடத்தான் போகிறார்கள். அதை அவளால் நிற்பாட்ட முடியாது. நடக்கிற அடியைக் குறைக்க முடியும். மூஸுக்கென்று அவள் எடுத்துக் கொடுத்த எதுவும் மூன்று வருடத்தில் ஐம்பது அடியைத் தாண்டவில்லை. காலையில் விளக்கேற்றும்போது அவள் கேட்கிற ஒரே வரம் இப்போது அதுதான். ஐம்பதுக்குள், முருகா.

இரத்தினவேல் செப்டெம்பரில் ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தான். ரூஜ் பக்கம் வீடு, பெரிய ட்ரக் ஓடுகிறவன், நாற்பத்தைந்து வயது, வாய் ஓயாது.

"அக்கா, த்ரீ-ஓ-எய்ட் தோட்டாவில நூற்றைம்பது கிரெயின் இருக்கோ?"

"எதுக்கு?"

"துவக்குக்குத்தான்."

"எந்த மிருகத்துக்கு எண்டு கேக்கிறன்."

"மூஸுக்கக்கா! குலுக்கலில டாக் விழுந்திட்டுது, சுடுறதுக்கு அனுமதிச் சீட்டு. எட்டு வருசமாப் போட்டுப் போட்டு இந்த முறைதான் விழுந்தது. ட்ரக் யாட்டில எங்களோடை வேலை செய்யிற கிளிபோட் எண்ட கிழவன்தான் கூட்டிக்கொண்டு போறார். வீட்டில மனுசி ஒரு கிழமையா என்னோடை கதைக்கிறேல்லை."

"அப்ப நூற்றைம்பது வேண்டாம்."

"போன வருசம் மானுக்கு அதுதானே தந்தனீங்கள். அந்த இடத்திலையே விழுந்ததக்கா."

"ஒன்பது அடி" என்றாள் குணவதி. கொப்பியைப் பார்க்கவில்லை. "மான் வேற, மூஸ் வேற. அதின்ர தோள் எலும்பில நூற்றைம்பது பட்டுச் சிதறிச்செண்டா மிருகம் ரெண்டு நாள் கிடந்து உத்தரிக்கும். நூற்றெண்பது எடும்."

முன்பக்கத்திலிருந்து சீமோன் சத்தம் போட்டான். "இரத்தினவேல், மாட்டினாய்! அவவிட்டை வந்தா பாவசங்கீர்த்தனம் மாதிரித்தான். எல்லாத்தையும் சொல்லிப்போட்டுத்தான் வெளியில போகலாம்."

"கிளிபோட் இருநூறுக்கு மேலை பாவிக்கிறாராம் அக்கா. பெரிசெண்டாப் பெரிசாவே தாங்கோவன்."

"அவற்ற துவக்கு வேற, அவற்ற தோள் வேற. நீர் துவக்கு உதைக்குமெண்டு பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் எந்தப் பாரமும் உதவாது. பயமில்லாமல் சுடக்கூடியதுக்குள்ளை பாரமானதை எடுக்கவேணும். எவ்வளவு தூரத்தில சுடுவீர்?"

"சதுப்பு நிலம். நூறு மீட்டருக்குள்ளதானாம்."

"அப்ப இது காணும்." அவள் அலுமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தாள். அவனுடைய லைசன்ஸ் அட்டையை வாங்கிப் பார்த்தாள். ஆறு வருடமாக அவனைத் தெரியும், ஆனாலும் பார்த்தாள். "உம்மட துவக்கு நூற்றைம்பதுக்குக் குறி வைச்சது. இது கொஞ்சம் கீழை விழும். சுட்டுப் பழகுற ரேஞ்சுக்குப் போய்த் திரும்பக் குறி வையும். வைச்சிட்டு வந்து சொல்லும். பிறகு, உள்ளை போற தோட்டாவை உலர்ந்த துணியால துடையும். எண்ணெய்க் கையால தொடவேண்டாம். மண், தூசு ஒண்டும் ஒட்டக்கூடாது. துவக்குக்குள்ளை தோட்டா இருக்கிற இடம் மயிரிழை இறுக்கம், விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு."

"சுட்ட பிறகு எண்ணும்."

"ஐயோ, சுட்டுப்போட்டுக் கணக்கும் செய்யவேணும்!" என்று அவன் சீமோனைப் பார்த்துச் சிரித்தான். "உங்கட கடையில நான் சோதினை எழுத வாறனோ, சாமான் வாங்க வாறனோ?"

பத்து நாள் கழித்து வந்து, ரேஞ்சில் பதினாலு சுட்டதாகவும் கடைசி ஐந்தும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை வாயளவுக்குள் விழுந்ததாகவும் சொன்னான். தாளையும் கொண்டுவந்து காட்டினான். குணவதி ஓட்டைகளில் விரலை வைத்துப் பார்த்தாள். "நல்லது" என்றாள். அவள் அப்படிச் சொல்வது குறைவு. இரத்தினவேல் அந்தத் தாளை மடித்துப் பத்திரமாகக் கொண்டுபோனான்.

ஆயுத பூசை வந்தது. சீமோன் குருநகர்க் கத்தோலிக்கன். என்றாலும் வருடாவருடம் பின்பக்கத்து மேசையை அந்த ஒரு நாளைக்குக் குணவதியிடம் விட்டுவிடுவான். "உங்கட சரஸ்வதியும் எங்கட அந்தோனியாரும் ஒரு அலுமாரிக்குள்ளைதானே இருக்கினம், சண்டையில்லாமல்" என்பான். அவள் வாழையிலை விரித்துப் படம் வைத்து, கத்தரிக்கோல், தராசு, கடைப் பூட்டுத் திறப்புக் கோர்வை, தூண்டில் உருளை ஒன்று, தன்னுடைய நாலு கொப்பிகள் எல்லாவற்றையும் அடுக்கினாள். கடலையும் அவலும் படைத்தாள். சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்தாள்.

அந்த நேரம் இரத்தினவேல் வந்தான். வெள்ளைக் கைலேஞ்சித் துணி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். உள்ளே நாலு தோட்டாக்கள்.

"துவக்குக்குள்ளை போறது இந்த நாலும்தான் அக்கா. இதையும் ஒருக்கா வையுங்கோ. கோயிலுக்குக் கொண்டுபோனா ஐயர் பொலிசுக்குப் போன் அடிச்சுப்போடுவார்."

"வையும்."

அவள் நாலையும் வாழையிலையில் நிறுத்தினாள். கத்தரிக்கோலுக்குச் சந்தனம் வைத்தாள், தராசுக்கு வைத்தாள், கொப்பிக்கு வைத்தாள். அதே விரல்களால் தோட்டாக்களுக்கும் வைத்தாள். பித்தளை உடம்பு ஒடுங்கிக் குண்டோடு சேர்கிற அந்தக் கழுத்தில், நெற்றிக்கு வைப்பது போல, மூன்று விரலால் சுற்றிவரச் சந்தனம் தடவி நடுவில் குங்குமப் பொட்டு. சந்தனம் நன்றாகக் குழைந்திருந்தது, தாராளமாக வைத்தாள். கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடிக் கேட்டாள், ஐம்பதுக்குள்.

இரவு முழுக்க அவை சரஸ்வதிக்கு முன்னால் இருந்தன. விஜயதசமி காலையில் இரத்தினவேல் வந்தான். அவளே கைலேஞ்சியில் சுற்றிக் கொடுத்தாள். "சாமியிட்டை இருந்தது. கால் படுற இடத்தில வைக்காதையும்." அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினான்.

அடுத்த கிழமை அவன் வடக்கே போனான். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கடைக்கு வந்தான். கையில் ஐஸ் பெட்டி. அதைச் சீமோனின் மேசையில் வைத்தான். "உனக்கு இறைச்சி" என்று மட்டும் சொன்னான். முகம் கறுத்திருந்தது, தாடி வழிக்கவில்லை. பின்பக்கம் வந்து குணவதிக்கு முன்னால் நின்றான்.

குணவதி கொப்பியைத் திறந்தாள். "சொல்லும்."

"சனிக்கிழமை காலமை. எண்பது மீட்டர். நல்லா நிண்டது, பக்கவாட்டில. நான் விசையை இழுக்கேக்கை ஒரு அடி முன்னுக்கு வைச்சிட்டுது. தோளில படவேண்டியது வயித்தில பட்டிட்டுது."

பேனை ஒரு கணம் நின்றது. பிறகு, வயிறு என்று எழுதினாள்.

"ஓடேல்லை அக்கா. நிண்டது. என்னைத் திரும்பிப் பாத்துக்கொண்டு அப்பிடியே நிண்டது. இன்னொண்டு போட்டிருந்தா அந்த இடத்திலையே முடிஞ்சிருக்கும். அடுத்த தோட்டாவைத் தள்ளுறன், போகுது, கடைசியில இறுகுது. துவக்கின்ர போல்ட் பூட்டுதில்லை. அடிச்சுப் பாக்கிறன், ஏலாது. வெளியில எடுத்துப்போட்டு அடுத்ததைத் தள்ளுறன். அதுவும் அப்பிடித்தான், நாலாவதும் அப்பிடித்தான். மிச்சப் பெட்டி நாங்கள் தங்கின காம்பில கிடக்கு. அது நிண்டு பாத்துக்கொண்டு நிக்குது. பிறகு நடக்கத் தொடங்கிச்சு."

"எத்தனை அடி?"

"எண்ணினனான். நீங்கள் சொன்னனீங்களெண்டு, அது நிண்ட இடத்திலயிருந்து விழுந்த இடம் மட்டும் ரத்தத்துக்குப் பின்னாலை எண்ணிக்கொண்டு போனனான்." அவன் மூக்கை உறிஞ்சினான். "அறுநூற்றுப் பன்ரெண்டு. இடையில ரெண்டு இடத்தில படுத்து எழும்பியிருக்கு. நாங்கள் போய்ச் சேரேக்கையும் உயிரிருந்தது. ஒண்டரை மணித்தியாலம். கிளிபோட்தான் முடிச்சு வைச்சார். அந்தாள் என்னோடை ஒண்டும் கதைக்கேல்லை, வழி முழுக்க."

612 என்று எழுதினாள். எண் வடிவாக வந்தது. முன்பக்கத்தில் மண்புழு வைக்கிற குளிர்ப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. தனக்குள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"குண்டு பிழை அக்கா" என்றான் இரத்தினவேல். "உங்களைச் சொல்லேல்லை. அந்தக் கொம்பனி பிழை. அளவு சரியில்லாமல் செய்து விட்டிருக்கிறாங்கள். யாட்டில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், அந்தப் பெட்டியைத் தொடாதையுங்கோ எண்டு."

சீமோன் எழுந்து வந்தான். "ரேஞ்சில பதினாலும் போனதெல்லோ?"

"அது போனது. இதுகள் போகேல்லை."

"அப்ப பெட்டியில கலந்திருக்கு. நான் இப்பவே அவங்களுக்கு அடிச்சுச் சொல்லுறன். மிச்சப் பெட்டியளையும் திருப்பி அனுப்புவம்." சீமோன் போனை எடுத்தான்.

"போகாததுகளைக் கொண்டுவந்தனீரோ?" என்று குணவதி கேட்டாள்.

இரத்தினவேல் சட்டைப் பையிலிருந்து அதே கைலேஞ்சியை எடுத்துப் பிரித்தான். மூன்று தோட்டாக்கள். குணவதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பித்தளைக் கழுத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம், காய்ந்து ஓடு மாதிரி. ஒரு பக்கம் நசிந்து மினுங்கியது. ஒரு பக்கம் நகத்தால் சுரண்டிய கீறல். சிவப்புப் பொட்டுப் பாதி அழிந்திருந்தது. மற்ற இரண்டும் அப்படித்தான். முதலாவது தோட்டா இறுகி இறுகி உள்ளே போயிருக்கும், சந்தனத்தை அந்த மயிரிழை இடத்தில் அப்பிவிட்டு. அடுத்ததுக்கு இடம் இருந்திருக்காது.

சீமோன் போனில் யாருக்கோ காத்திருந்தான். அதிலிருந்து பாட்டுச் சத்தம் மெல்லியதாகக் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் யாராவது எடுப்பார்கள். சீமோன் முறைப்பாடு சொல்வான். பெட்டிகள் திரும்பிப் போகும். கொப்பியில் குண்டு பிழை என்று எழுதிவிடலாம். இரத்தினவேலுக்கும் அது ஆறுதல். அவள் வாய் திறக்காமல் நின்றால் போதும்.

"தம்பி சீமோன், போனை வையும்."

"பொறுங்கோ அக்கா, லைன்..."

"வையும் எண்டு சொல்லுறன். குண்டு பிழையில்லை. சந்தனம்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தோட்டாவை மேசையில் நிறுத்தி, மஞ்சள் வளையத்தைத் தொட்டுக் காட்டினாள். "நான் வைச்ச சந்தனம். காய்ஞ்சு கட்டியாகி நிக்குது. அதுதான் பூட்டேல்லை."

"என்னக்கா விசர்க்கதை. சாமிக்கு வைச்ச சந்தனம் எப்பிடி அக்கா..." என்றான் இரத்தினவேல்.

"அந்த இடம் மயிரிழை இறுக்கம் எண்டு உமக்குச் சொன்னது ஆர்?"

"நீங்கள்."

"ஒண்டும் ஒட்டக்கூடாது எண்டு சொன்னது?"

"நீங்கள்தான்."

"ஒட்டினது ஆர்?"

இரத்தினவேல், "நான் துடைச்சிருக்கலாம்" என்றான். "காம்பில எடுத்துப் பாத்தனான் அக்கா. காய்ஞ்சிருந்தது. துடைப்பமோ எண்டு யோசிச்சனான். பிரசாதத்தை எப்பிடித் துடைக்கிறதெண்டு விட்டிட்டன். அங்கை இறுகினாப் பிறகுதான் நகத்தால சுரண்டினனான், போகேல்லை."

"துடையும் எண்டு நான் சொல்லியிருக்கவேணும். இந்த மேசையில நிண்டு எல்லாருக்கும் சொல்லுறன். உமக்குத் தரேக்கை சொல்லேல்லை. எனக்கு அது தோட்டாவாத் தெரியேல்லை அந்த நேரம்."

சீமோன் தலையைச் சொறிந்தான். "விடுங்கோ அக்கா. அந்தோனியாருக்கு வைச்சு மெழுகுதிரி ஊத்தியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்." யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

"இரத்தினவேல், யாட்டில சொன்னதை மாத்திச் சொல்லும். குண்டில ஒரு பிழையுமில்லை, கடையில நிக்கிற மனுசி சந்தனம் வைச்சுக் கெடுத்துப்போட்டா எண்டு சொல்லும். கிளிபோட்டுக்கும் சொல்லும்."

"அந்த வெள்ளைக்காரக் கிழவனுக்குச் சந்தனம் எண்டா என்னெண்டு நான் சொல்லுறது?"

"சாமிக்கு வைக்கிற மரத்தூள் எண்டு சொல்லும். அவருக்கு விளங்கும்."

அவன் போன பிறகு அவள் கொப்பியில் அந்த வரிக்கு நேரே ஒரு சொல் எழுதினாள், சந்தனம். பக்கத்தில் இன்னொரு சொல் எழுதினாள், நான். பிறகு அடுத்த ஆள் வந்தான். மானுக்கு என்ன நல்லது என்று கேட்டான். எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள் என்று கேட்டாள். அவனுக்கு உரியதை எடுத்துக் கொடுத்தாள். துணியால் துடைக்கச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அவள் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். அர்ச்சனைச் சிட்டை எழுதுகிற இடத்தில் ஒரு பெண்பிள்ளை கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும், இங்கே பிறந்த பிள்ளை.

"பேர், அன்ரி?"

"பேர் இல்லை, பிள்ளை."

"இல்லை அன்ரி, ஆருக்கு அர்ச்சனை? அவையின்ர பேர்."

"அதுதான். பேர் இல்லை."

பிள்ளை திரையைப் பார்த்தாள். "நேம் போடாட்டி சிஸ்டம் விடாது, அன்ரி."

"அப்ப சுவாமி பேருக்குப் போடும்."

"ஓகே. நட்சத்திரம்?"

"தெரியாது. போன சனிக்கிழமை காலமை செத்தது."

பிள்ளை கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "ஓ, சொறி அன்ரி. சொந்தமோ?"

குணவதி யோசித்தாள். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். "தெரிஞ்சது" என்றாள்.

செத்ததுக்கு அர்ச்சனை செய்வதில்லை என்று அவளுக்குத் தெரியும். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஐயர் சுவாமி பேரைச் சொல்லிப் பூப்போட்டார். அவள் கண்ணை மூடினாள். வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்க வாய் வரவில்லை. எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஐயர் மணியை நிறுத்தும்போது இருநூற்று நாற்பது வந்திருந்தது. இன்னும் பாதிகூடப் போகவில்லை.

தட்டைக் கொடுத்துவிட்டு ஐயர் உள்ளங்கையில் சந்தனம் வைத்தார். எல்லோரும் நெற்றியில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் கையைப் பொத்திக்கொண்டு சப்பாத்துப் போடுகிற இடத்துக்கு வந்தாள். ஒற்றைக் கையால் சப்பாத்தை மாட்டிக் காருக்குப் போனாள்.

பேவியூச் சந்தியில் சிவப்பு லைட் விழுந்தது. அவள் கையை விரித்தாள். சந்தனம் காய்ந்து, ரேகைகளை இறுக்கிப் பிடித்திருந்தது. மற்றக் கை நகத்தால் சுரண்டினாள். பொருக்காகக் கொஞ்சம் வந்தது. திரும்பச் சுரண்டினாள். நகத்துக்குள் போனது, கையிலிருந்து போகவில்லை. எதிரே ஒன்று நின்று பார்த்துக்கொண்டிருக்க, துவக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் இப்படித்தான் சுரண்டியிருப்பான். இவ்வளவு நேரம். இதைவிடக் கூட.

உள்ளங்கை நொந்தது. நோகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

லைட் பச்சையாகி எவ்வளவு நேரமோ, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். பிறகு அவனுக்குப் பின்னால் நின்றவனும் அடித்தான். ரேகைக்குள் இன்னும் மஞ்சள் இருந்தது. அவள் அந்தக் கையாலேயே ஸ்டியரிங்கைப் பிடித்துக் காரை எடுத்தாள்.